ருமேனியத் துப்பறியும் படங்கள்: சந்தேகமெல்லாம் விசாரிக்கிறவர் மேல்தான்

பழையரீல் எழுதியது:

கிழக்கு ஐரோப்பியப் படங்களுக்கான பொது இழையில் ருமேனியக் குற்றப் படங்களைப் பற்றிய பேச்சு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகிறது. அதனால் தனி இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ருமேனியத் துப்பறியும் படத்தில் "யார் செய்தது?" என்ற கேள்விக்குச் சீக்கிரமே விடை தெரிந்துவிடும், இல்லையென்றால் கடைசிவரை தெரியாது. படம் சந்தேகப்படுவது விசாரிக்கிற ஆளை. அவர் எழுதும் அறிக்கையை மேலே யார் படிக்கிறார்கள், யார் சொன்னால் எதை விட்டுவிடுவார், எவ்வளவு தூரம் போவார் என்பதுதான் அங்கே மர்மம். 1960களிலிருந்து இன்றுவரை ஆட்சி மாறியது, போலீசின் பெயரே "மிலிட்சியா" என்பதிலிருந்து "பொலிட்சியா" என்று மாறியது. இந்தச் சந்தேகம் மட்டும் மாறவில்லை.

இதற்கு நேரெதிரான இரண்டு தொடக்கங்கள் உண்டு. ஒன்று செர்ஜியு நிக்கொலாயெஸ்கு. பொறியியல் படித்துவிட்டு சினிமாவுக்கு வந்தவர். 1972இல் "சுத்தமான கைகளோடு" (கு மூய்னிலே குராத்தே) என்ற படத்தை இயக்கி, அதில் மிக்லொவான் என்ற கமிஷனராக நடிக்கவும் செய்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு புக்கரெஸ்ட்; கள்ளச்சந்தை, ஆயுதம் ஏந்திய கும்பல்கள். மிக்லொவான் பழைய பாணிக்காரர், கைது செய்வதைவிடச் சுடுவதில் நம்பிக்கை உள்ளவர். கூடவே இலாரியோன் சொபானு நடித்த ரொமான், கட்சி அனுப்பிய கம்யூனிஸ்ட், சட்டப்படி போக வேண்டும் என்கிறவர். இந்த இரண்டு பேருக்கும் நடக்கும் வாக்குவாதம்தான் படத்தின் முதுகெலும்பு. மிக்லொவான் பாத்திரத்துக்குத் தூண்டுதல் எவ்ஜென் அலிமனெஸ்கு என்ற உண்மையான அதிகாரி. நம் பத்திரிகைகள் என்கவுன்டர் என்று எழுதுமே, அந்த வகையில் பேர் எடுத்தவர்.

முதல் படத்தின் முடிவில் மிக்லொவான் செத்துப்போகிறார். அடுத்த ஆண்டே வந்த "கடைசித் தோட்டா"வில் ரொமான் தனியாக நிற்கிறார். ஆனால் பார்வையாளர்களுக்கு நிக்கொலாயெஸ்குவின் தொப்பியும் கோட்டும் வேண்டியிருந்தது. எனவே 1974இல் கிட்டத்தட்ட அதே ஆள் மொல்தொவான் என்ற புதுப் பெயரில் திரும்பி வந்தார். "ஒரு கமிஷனர் குற்றம் சாட்டுகிறார்" (1974), "பழிக்குப் பழி" (1978), "இருவர் மோதல்" (1981), கடைசியாக நிக்கொலாயெஸ்குவின் 78ஆம் வயதில் "உயிர் தப்பியவன்" (2008).

இரண்டாவது தொடக்கம் லூச்சியான் பிந்திலியேவின் 1968ஆம் ஆண்டுப் படம். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு மற்றவர்கள் வரட்டும்.

---

மலைக்கோட்டை எழுதியது:

மொல்தொவான் படங்களில் மூன்றைப் பார்த்திருக்கிறேன், மூன்றும் பிடித்தன. ஆனால் உங்கள் கருத்து அவற்றுக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. மொல்தொவான் அசல் ஹீரோ. நேர்மையானவர், குறி தப்பாமல் சுடுகிறவர். அவர்மேல் படத்துக்கு எங்கே சந்தேகம்? கம்யூனிச அரசு போலீசைப் புகழ எடுக்கச் சொன்ன படங்கள், அவ்வளவுதான். அதோடு சேர்த்து நன்றாகவும் எடுத்திருக்கிறார். கார் துரத்தல்கள் இன்றைக்கும் சலிப்பதில்லை.

---

பழையரீல் எழுதியது:

மொல்தொவான் நேர்மையானவர்தான். அவர் எந்த அரசுக்கு வேலை செய்கிறார் என்று பாருங்கள்.

"ஒரு கமிஷனர் குற்றம் சாட்டுகிறார்" நடப்பது 1940 இலையுதிர்காலத்தில். ஆட்சியில் சர்வாதிகாரி ஜெனரல் அந்தோனெஸ்குவும் "இரும்புக் காவலர்" என்ற பாசிச இயக்கமும் கூட்டு. அந்த ஆண்டு நவம்பர் 26 இரவு, இரும்புக் காவலர்கள் ஜிலாவா சிறைக்குள் புகுந்து அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்த 64 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களில் முன்னாள் பிரதமர் ஆர்ஜெஷானு இருந்தார், புக்கரெஸ்ட் போலீஸ் தலைவராக இருந்த மரினெஸ்கு இருந்தார், உளவுத்துறைத் தலைவராக இருந்த மொருசொவ் இருந்தார். மறுநாள் வரலாற்றாசிரியர் நிக்கொலாயே யொர்காவைக் கடத்திக் கொன்றார்கள். இந்தப் படுகொலையைப் பெயர்கள் மாற்றி எடுத்துக்கொண்டு, விசாரணையை மொல்தொவானிடம் கொடுக்கிறது படம். அவரிடம் கொடுக்கிற அரசிலேயே கொலைகாரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி யாரும் அவரை அனுப்பவில்லை. கோப்பை மூடுவதற்கு ஒரு நல்ல பெயருள்ள கையெழுத்து தேவைப்பட்டது, அவ்வளவுதான். கியோர்கே தினிக்கா நடிக்கும் பராய்பான் என்ற வில்லன் பயமாக இருப்பதற்குக் காரணம் அவன் துப்பாக்கி மட்டும் இல்லை. அவனும் இப்போது அரசாங்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நிக்கொலாயெஸ்குவின் இந்தப் படங்கள் எல்லாமே கம்யூனிச ஆட்சி முழுதாக நிலைபெறுவதற்கு முந்திய காலத்தில் நடக்கின்றன. அது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். 1971 ஜூலையில் நாட்டின் கம்யூனிசத் தலைவர் சௌசெஸ்கு கலை இலக்கியத்தை இறுக்கிப் பிடித்த அறிக்கைகளை வெளியிட்டார். அதற்குப் பின் "நம் அரசில் ஒரு நேர்மையான போலீஸ்காரர், மேலிடம் அவரைத் தடுக்கிறது" என்று இன்றைய கதையாக எடுக்க முடியுமா? 1940க்குப் போனால் முடியும். பாசிச அரசைத் திட்டுகிறோம் என்று அனுமதி கிடைக்கும், திரையரங்கில் உட்கார்ந்திருக்கிறவர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார். இது என் வாசிப்பு. நிக்கொலாயெஸ்கு அப்படி நினைத்து எடுத்தார் என்று சொல்லவில்லை.

சமகாலக் கதை என்றால் அந்தக் காலத்தில் நகைச்சுவைதான் பாதுகாப்பு. மிர்ச்சா திரகான் இயக்கிய "பிரிகாதா திவெர்சே" படங்கள் மூன்று, 1970, 71இல் வந்தன. தோமா கராஜியு கேப்டனாக வருவார். சில்லறைத் திருடர்கள், நல்ல மனசுள்ள மிலிட்சியாக்காரர்கள், யாருக்கும் வலிக்காத வழக்குகள். கராஜியுவுக்காகப் பார்க்கலாம், அபாரமான நடிகர். 1977 மார்ச் 4 நிலநடுக்கத்தில் புக்கரெஸ்ட்டில் இறந்தார்.

---

வாய்தா எழுதியது:

நான் வழக்கறிஞர். இந்தப் படங்களைப் பார்க்கிறவர்களுக்கு உதவும் ஒரு விஷயம். ருமேனியாவில் குற்ற விசாரணையை வழிநடத்துகிறவர் "ப்ரொகுரோர்" எனப்படும் அரசு வழக்கறிஞர். இங்கே போலீஸ் விசாரித்துக் குற்றப்பத்திரிகை போட்ட பிறகு அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து நிற்பார். அங்கே அவர் ஆரம்பத்திலேயே களத்தில் இருப்பார், போலீஸ் அவர் மேற்பார்வையில் வேலை செய்யும். அதனால்தான் ருமேனியப் படங்களில் துப்பறிகிறவர் பலமுறை போலீஸ்காரராக இல்லாமல் ப்ரொகுரோராக இருக்கிறார். வசன எழுத்துகளில் வழக்கறிஞர் என்று பார்த்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

இன்னொரு நடைமுறையும் அவர்கள் சட்டத்தில் இருக்கிறது. சந்தேகப்படுகிறவரைச் சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய், செய்ததைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லிப் பதிவு செய்வது. பழையரீல் சொன்ன 1968 படம் இதைப் பற்றித்தானே? எழுதுங்கள்.

---

பழையரீல் எழுதியது:

ஆமாம். படத்தின் பெயரே "ரெக்கொன்ஸ்தித்துயிரியா", அதாவது மறுநிகழ்த்தல். ஆனால் பிந்திலியேவுக்கு முன்பே இதே பெயரில் ஒரு படம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பிந்திலியேவிடம் போனால் படத்தின் கனம் வேறாக இருக்கும்.

1959 ஜூலை 28, புக்கரெஸ்ட். தேசிய வங்கியின் பண வண்டி ஒன்றை ஆயுதம் ஏந்திய ஒரு குழு மடக்கி 16 லட்சம் லெய் பணத்தை எடுத்துக்கொண்டு போனது. கம்யூனிச நாட்டில் வங்கிக் கொள்ளை என்பது நடக்கவே முடியாத காரியம். லெய்யை வெளிநாட்டில் மாற்ற முடியாது, உள்நாட்டில் திடீரென்று செலவழித்தால் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். இரண்டு மாதத்தில் ஆறு பேரைப் பிடித்தார்கள். அலெக்சாந்த்ரு, பவுல் இயோவானித் சகோதரர்கள், இகொர் செவியானு, அவர் மனைவி மோனிக்கா, சாஷா முஷாத், ஹரலம்பியே ஒபெதியானு. யாருமே தொழில்முறைத் திருடர்கள் இல்லை. படித்த யூதர்கள், ஒரு காலத்தில் கட்சிக்காக உழைத்து நல்ல பதவிகளில் இருந்தவர்கள். ஏன் கொள்ளையடித்தார்கள் என்பதற்கு இன்றுவரை ஒத்துக்கொள்ளப்பட்ட பதில் கிடையாது. அவர்கள்தானா என்று சந்தேகப்படுகிறவர்களும் உண்டு.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். அரசு ஒரு படக்குழுவை அனுப்பி, கைதிகளையே அவர்கள் பாத்திரத்தில் நடிக்க வைத்தது. விர்ஜில் கலொத்தெஸ்கு இயக்கினார். கொள்ளை, தப்பித்தல், கைது, எல்லாவற்றையும் அவர்களே கேமரா முன்னால் நடித்துக் காட்டினார்கள். 1960இல் ஐந்து ஆண்களுக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மோனிக்காவுக்கு ஆயுள் தண்டனை. 1964 பொது மன்னிப்பில் வெளியே வந்து, பிறகு இஸ்ரேலுக்குப் போனார். படம் பொதுமக்களுக்குத் திரையிடப்படவில்லை, கட்சிக்காரர்களுக்கு மட்டும் காட்டப்பட்டது.

அலெக்சாந்த்ரு சொலொமோன் 2004இல் எடுத்த "மாபெரும் கம்யூனிச வங்கிக் கொள்ளை" என்ற ஆவணப்படம் இதைத் தோண்டுகிறது. அந்தப் படப்பிடிப்பில் வேலை செய்தவர்களும் வழக்கோடு தொடர்புள்ளவர்களும் பேசுகிறார்கள். ருமேனியக் குற்றப் படங்களில் எனக்கு மிக முக்கியமான படம் எது என்று கேட்டால் கற்பனைப் படங்களை எல்லாம் தாண்டி இதைத்தான் சொல்வேன். நாயே கரன்ஃபில் இதே வழக்கைக் கற்பனை கலந்து ஆங்கிலத்தில் "நிலாவுக்கு நெருக்கமாக" (2014) என்று எடுத்தார். வேரா ஃபார்மிகா, மார்க் ஸ்ட்ராங் நடித்தது. பார்க்க அழகாக இருக்கிறது, ஆனால் ஆவணப்படத்தின் குளிர் அதில் இல்லை.

இப்போது பிந்திலியே. இரண்டு இளைஞர்கள், வுயிக்கா, நிக்கு. பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் குடித்துவிட்டு ஒரு மதுக்கடையில் கைகலப்பு. சின்ன விஷயம். ப்ரொகுரோர் ஒரு யோசனை சொல்கிறார்: குடியின் தீமையை விளக்கும் படம் ஒன்றில் அந்தச் சண்டையை இருவரும் அப்படியே நடித்துக் காட்டினால் விட்டுவிடலாம். சம்பவ இடத்துக்கு மிலிட்சியாக்காரர், ஆசிரியர், கேமரா எல்லாம் வந்து சேர்கிறார்கள். வெயில். பக்கத்தில் எங்கோ கால்பந்து மைதானத்தின் கூச்சல். ப்ரொகுரோராக ஜியார்ஜே கொன்ஸ்தாந்தின், அவசரமே இல்லாமல். மனிதரிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, அதுதான் கொடுமை. அடி இயல்பாக இல்லை, நன்றாக அடி, திரும்ப எடுக்கலாம் என்று சொல்லிச் சொல்லி... (முடிவைச் சொல்கிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பதிவுக்குப் போகலாம்) ஒரு அடி நிஜமாகவே விழுகிறது, வுயிக்கா செத்துப்போகிறான். சின்னக் குற்றத்தை விசாரிக்கப் போன அரசு ஒரு மரணத்தைத் தயாரித்துவிட்டுத் திரும்புகிறது.

1968இல் எடுத்தது, 1970இல் சில வாரங்கள் ஓடியது, பிறகு கம்யூனிச ஆட்சி விழுந்த 1989 வரை தடை. 2008இல் ருமேனிய விமர்சகர்கள் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ருமேனியப் படம் எது என்று வாக்களித்தபோது இதற்குத்தான் முதலிடம்.

மலைக்கோட்டைக்கு ஒரு கூடுதல் தகவல்: "கடைசித் தோட்டா"வில் செமாக்கா என்ற கும்பல் தலைவனாக வருகிறவரும் இதே ஜியார்ஜே கொன்ஸ்தாந்தின்தான்.

---

தூரிகை எழுதியது:

பிந்திலியே படத்தைப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. வன்முறையைக் காட்டி அல்ல, எல்லோரும் சாப்பிடுவதையும் சோம்பல் முறிப்பதையும் காட்டியே அதைச் செய்துவிடுகிறார்.

இதே வரிசையில் டான் பிட்சாவின் "மணல் முகடுகள்" (ஃபலெசே தே நிசிப், 1983) வர வேண்டும். கடற்கரையில் விடுமுறையில் இருக்கும் அறுவை மருத்துவர் ஒருவரின் பொருள்கள் திருட்டுப்போகின்றன. ஓர் இளம் தச்சன்தான் எடுத்தான் என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். போலீசுக்கே போதிய ஆதாரம் இல்லாமல் போனாலும் அவர் விடுவதில்லை, துரத்துகிறார். உறுதியாகத் தெரிந்த உண்மை என்று அவர் சொல்வது கொஞ்சம் கொஞ்சமாக வெறியாகிறது. மருத்துவராக விக்டொர் ரெபென்ஜூக், பையனாக கியோர்கே விசு. படம் வெளிவந்த அந்த ஆண்டிலேயே சௌசெஸ்கு மங்காலியாவில் பேசிய உரையில் இந்தப் படத்தைத் தாக்கினார். நம் தொழிலாள இளைஞர்கள் இப்படியா இருக்கிறார்கள் என்ற கோபம். திரையரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பழையரீல் சொல்லும் கருத்துக்கு இது இன்னும் கூர்மையான உதாரணம். இங்கே விசாரிக்கிறவர் அதிகாரிகூட இல்லை. படித்த, மரியாதைக்குரிய ஆள். தான் சொன்னால் நம்ப வேண்டும் என்ற பழக்கமே அவருக்குப் போதுமான அதிகாரம்.

---

மலைக்கோட்டை எழுதியது:

சரி, பழைய படங்களில் உங்கள் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் 2000க்குப் பிறகு வந்த "புதிய அலை" படங்களைத் துப்பறியும் படம் என்ற தலைப்பில் சேர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. "போலீஸ், பெயரடை" (2009) பார்த்தேன். ஒரு போலீஸ்காரர் ஒரு பள்ளி மாணவன் பின்னால் நடக்கிறார். நிற்கிறார். மறுபடியும் நடக்கிறார். வீட்டுக்குப் போய் சூப் குடிக்கிறார். மர்மம் எங்கே?

---

தூரிகை எழுதியது:

பின்தொடர்வது என்றால் அப்படித்தான் இருக்கும். மற்றப் படங்கள் வெட்டி எறிகிற நேரத்தை கொர்னேலியு பொரும்பொயு வைத்திருக்கிறார்.

வாஸ்லுயி என்ற சிறு நகரம், பொரும்பொயுவின் சொந்த ஊர். கிறிஸ்டி என்ற இளம் போலீஸ்காரர் (திரகோஷ் புகுர்) கஞ்சா வகைப் போதைப்பொருள் புகைக்கும் ஒரு பையனைக் கண்காணிக்கிறார். பையன் நண்பர்களுக்கும் கொடுக்கிறான், சட்டப்படி அதற்குச் சிறை. தேனிலவுக்குப் பிராக் போனபோது அங்கே தெருவிலேயே புகைப்பதைக் கிறிஸ்டி பார்த்திருக்கிறார். இந்தச் சட்டம் நாளைக்கு இங்கேயும் மாறிவிடும், அதற்குள் ஒரு பையன் வாழ்க்கையைக் கெடுப்பானேன் என்று யோசிக்கிறார். இதுதான் வழக்கு. குற்றவாளி முதல் காட்சியிலேயே தெரியும். இந்த ஆள் பொறிவைத்துப் பிடிப்பாரா மாட்டாரா என்பதுதான் தெரியாது.

அவர் கையால் எழுதும் அறிக்கைகளைத் திரை முழுக்க நிறுத்திக் காட்டுகிறார்கள், நாமும் வரிவரியாகப் படிக்க வேண்டும். நாள் முழுக்கக் குளிரில் நின்ற மனிதர் காகிதத்தில் நாலு வரியாகிவிடுவது எனக்குப் பெரிய அதிர்ச்சி. கடைசியில் விளாத் இவானொவ் நடிக்கும் மேலதிகாரி கோபப்படாமல், குரலை உயர்த்தாமல், அகராதியைக் கொண்டுவரச் சொல்லி மனசாட்சி, சட்டம் என்று ஒவ்வொன்றாகப் படிக்க வைக்கிறார். அந்த அறையில் ஒரு மனிதன் கண் முன்னாலேயே உடைகிறான். துப்பாக்கிச் சண்டையில் இந்த அளவு பதற்றத்தை நான் பார்த்ததில்லை. கான் விழாவில் "அன் செர்த்தேன் ரெகார்" பிரிவில் நடுவர் பரிசும் விமர்சகர் பரிசும் வாங்கிய படம்.

---

நிலா_சிங்கை எழுதியது:

இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன், பொரும்பொயு பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மலைக்கோட்டைக்கு நிறையத் திருப்பங்கள் வேண்டும் என்றால் அதே இயக்குநரின் "லா கொமேரா" (2019) பார்க்கலாம்.

அதிலும் போலீஸ்காரர் பெயர் கிறிஸ்டிதான், ஆனால் இப்போது நடிப்பது விளாத் இவானொவ். ஊழல் போலீஸ். கானரித் தீவுகளில் ஒன்றான லா கொமேராவுக்குப் போய், அங்கே பள்ளத்தாக்குகளுக்கு மேலாகச் சீட்டியடித்துப் பேசும் "சில்போ" முறையைக் கற்றுக்கொள்கிறார். சில்போ உண்மையான பழக்கம், 2009இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்தது. எதற்குக் கற்கிறார்? புக்கரெஸ்ட்டில் அவரையே அவர் துறை ஒட்டுக்கேட்கிறது. வீட்டில் கேமரா, தொலைபேசியில் ஒட்டு. பறவைக் கூச்சல் போலக் கேட்கும் மொழியில் பேசினால் யாரும் பதிவு செய்ய முடியாது. மேலதிகாரி மக்தாவும் முக்கியமான விஷயத்தைப் பேச வேண்டுமென்றால் அலுவலகத்துக்கு வெளியே வந்துதான் பேசுகிறார். அவருக்கும் பயம்!

எனக்கு இதில் தனிப்பட்ட சந்தோஷம் ஒன்று உண்டு. படம் முடிவது இங்கே சிங்கப்பூரில், கார்டன்ஸ் பை தி பே மர விளக்குகளுக்குக் கீழே. நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தரையில் படுத்துப் பார்க்கும் அதே விளக்கு நிகழ்ச்சி. புக்கரெஸ்ட்டின் சாம்பல் நிறத்துக்கும் ஒட்டுக்கேட்கும் அறைகளுக்கும் அப்புறம் அந்த வெளிச்சம் வரும்போது என்ன நினைப்பது என்றே தெரியவில்லை. விடுதலை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அந்த இடம் பழக்கம் என்பதால் அப்படித் தோன்றவில்லை. அங்கேயும் கண்காணிப்புக் கேமராக்கள் உண்டு.

---

பழையரீல் எழுதியது:

நிலா, அந்தக் கடைசிக் குறிப்புக்கு நன்றி. நான் எத்தனையோ விமர்சனங்கள் படித்தும் இதை யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

---

வாய்தா எழுதியது:

ப்ரொகுரோர் படங்கள் இரண்டைப் பற்றி. பிந்திலியே 1972இல் ஒரு நாடகத்தை மேடையேற்றி அது தடை செய்யப்பட்ட பிறகு பிரான்சிலும் அமெரிக்காவிலும் வேலை செய்தார், 1989க்குப் பின் திரும்பி வந்தார். அவருடைய "ரொம்பத் தாமதம்" (ப்ரியா துர்சியு, 1996) ஜியு பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிறது. தொழிலாளர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கோஸ்தா என்ற இளம் ப்ரொகுரோர் (ரஸ்வான் வசிலெஸ்கு) விசாரிக்க வருகிறார். ஊரில் யாருக்கும் அவர் வேண்டாம். 1990 ஜூனில் இதே பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலாளர்களை அரசு புக்கரெஸ்ட்டுக்கு வரவழைத்து, போராடிக்கொண்டிருந்த மாணவர்களை அடிக்க வைத்தது என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். அந்தப் படத்தில் சுரங்கத்துக்குள் இறங்குவது என்றால் நாட்டுக்குள் இறங்குவது.

இன்னொன்று துதோர் ஜியுர்ஜியுவின் "ஏன் நான்?" (2015). உண்மை வழக்கு. கிறிஸ்தியான் பனாயித் என்ற ப்ரொகுரோர், சக ப்ரொகுரோர் ஒருவர் மேல் விசாரணை நடத்தும்படி பணிக்கப்பட்டவர், 2002 ஏப்ரலில் இறந்தார். வயது 29. தற்கொலை என்று பதிவானது. படத்தில் பெயர் பந்தூரு. கோப்பைப் புரட்டப் புரட்ட, தன்னை எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அவருக்கு விளங்குகிறது. திறமைக்காக இல்லை, இளையவர், கேள்வி கேட்க மாட்டார் என்பதற்காக. என் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட கோப்பு ஒன்று எந்த இளம் வழக்கறிஞரின் மேசைக்கும் வரலாம்.

---

மலைக்கோட்டை எழுதியது:

"லா கொமேரா" பார்த்துவிட்டேன். மிகவும் பிடித்தது. அடுத்து "அரோரா" (2010) போட்டேன், மூன்று மணி நேரம். இதை யாராவது விளக்குங்கள்.

---

பழையரீல் எழுதியது:

"அரோரா"வை வெறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கிறிஸ்டி புயு இயக்கி, அவரே வியோரெல் என்ற ஆளாக நடித்தது. ஒன்றரை நாள் அவர் புக்கரெஸ்ட்டில் அலைகிறார், நான்கு பேரைக் கொல்கிறார், கடைசியில் தானே காவல் நிலையத்துக்குப் போகிறார். அதுவரை யார் இவர்கள், ஏன் கொன்றார் என்று படம் ஒன்றும் சொல்லாது. துப்பறிகிற வேலை நம்முடையது. ஒரு பெண்ணைப் பார்த்தால் மனைவியா, தங்கையா என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். கடைசி வாக்குமூலக் காட்சியில் பதில்கள் வருகின்றன, ஆனால் எழுதிக்கொள்ளும் போலீஸ்காரர்களின் கேள்விகளுக்குள் அவர் சொல்வது அடங்கவே இல்லை. அந்தக் காட்சிக்காக மீதி நேரத்தைத் தாங்கலாமா என்றால், நான் தாங்குவேன். எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிட ராது முந்தியானின் "ஒரு மாடி கீழே" (2015) உங்களுக்குப் பிடிக்கும். பத்ராஷ்கு (தியோதோர் கோர்பான்) வண்டிப் பதிவு வேலைகளை முடித்துக் கொடுக்கிறவர், நல்ல குடும்பஸ்தர், நாயைக் கூட்டிக்கொண்டு பூங்காவில் நடப்பவர். படியேறும்போது கீழ்வீட்டில் ஆண் குரலும் பெண் குரலும் சண்டையிடுவது கேட்கிறது. நின்று கேட்கிறார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும் பக்கத்து வீட்டு இளைஞன் வாலி இவரைப் பார்த்துவிடுகிறான். அப்புறம் அந்தப் பெண் பிணமாகக் கிடக்கிறாள். போலீஸ் வீட்டுக்கு வந்து கேட்கும்போது இவர் ஒன்றும் சொல்வதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்குப் படம் காரணம் தராது. வாலி தன் காரைப் பதிவு செய்ய வேண்டும் என்று இவரிடமே வருகிறான், வீட்டுக்குள் வந்து உட்கார்கிறான், மகனோடு கணினி பற்றிப் பேசுகிறான். அந்தக் காட்சிகள் முழுக்க என் கை நாற்காலியை இறுக்கிப் பிடித்திருந்தது.

---

புதுவரவு எழுதியது:

வணக்கம். ருமேனியப் படம் ஒன்றுகூடப் பார்த்ததில்லை. மர்மக் கதைகள் பிடிக்கும், மெதுவான படங்கள் கொஞ்சம் கஷ்டம். எதிலிருந்து தொடங்கலாம்?

---

தூரிகை எழுதியது:

வாருங்கள். போக்தான் மிரிக்காவின் "நாய்கள்" (குய்னி, 2016). தொப்ருஜா புல்வெளி, உக்ரைன் எல்லை ஓரம். புக்கரெஸ்ட்டிலிருந்து ரொமான் என்ற இளைஞன் தாத்தா விட்டுப்போன நிலத்தை விற்க வருகிறான். தாத்தா கடத்தல் கும்பல் தலைவர், அவருடைய ஆட்கள் விற்க விடமாட்டார்கள். ஒரு குளத்தில் வெட்டுப்பட்ட மனிதப் பாதம் மிதக்கிறது. ஹோகாஷ் என்ற நோய்வாய்ப்பட்ட கிழப் போலீஸ்காரர் அந்தப் பாதத்தை வீட்டு மேசையில் வைத்து ஆராய்வார், மறக்க முடியாத காட்சி. வில்லன் மறுபடியும் விளாத் இவானொவ்.

அதற்குப் பிறகு போக்தான் ஜார்ஜ் அபேத்ரியின் இரண்டு படங்கள், இரண்டும் அவருடைய சொந்த ஊரான பியாத்ரா நியாம்ட்ஸ் பக்கம் நடப்பவை. "அடையாளம் தெரியாத" (2020) அசல் மர்மப் படம், தூக்கமில்லாத ஒரு போலீஸ்காரர் விடுதித் தீவிபத்து வழக்கு ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அதற்குமேல் சொன்னால் கெட்டுவிடும். "அற்புதம்" (மிராகொல், 2021) இரண்டு பாதி. முதல் பாதியில் ஓர் இளம் பயிற்சித் துறவி மடத்திலிருந்து ரகசியமாக நகரத்துக்குப் போகிறாள், திரும்பும் வழியில் கொடூரம் நடக்கிறது. அந்த நேரத்தில் கேமரா மெதுவாகத் திரும்பி வயல்களைப் பார்க்கப் போய்விடுகிறது. இரண்டாம் பாதியில் மாரியுஸ் என்ற துப்பறிவாளர் அவள் போன அதே பாதையில், அதே ஆட்களைச் சந்தித்துக்கொண்டு போகிறார். நாம் சாதாரணமாகக் கேட்டுவிட்ட பேச்செல்லாம் இப்போது சாட்சியம் ஆகிறது. இதைவிட நேர்த்தியான கட்டமைப்பு இந்த வரிசையில் இல்லை.

---

மலைக்கோட்டை எழுதியது:

"நாய்கள்" நேற்று பார்த்தேன். நான் இந்த இழையில் கேட்டுக்கொண்டிருந்த படம் இதுதான். அந்தப் போலீஸ்காரர் ஹோகாஷ் யார்? முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது.

---

பழையரீல் எழுதியது:

கியோர்கே விசு! தூரிகை மேலே எழுதிய "மணல் முகடுகள்" படத்தில் திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட பையன். 1983இல் துரத்தப்பட்டவர் 2016இல் போலீஸ்காரர்.

இது இன்னொரு தடவையும் நடந்திருக்கிறது. "ஒரு மாடி கீழே"யில் வாலியாக வந்த யூலியான் போஸ்தெல்னிக்கு, பவுல் நெகோயெஸ்குவின் "நல்ல மனிதர்கள்" (ஒவாமேனி தே த்ரியாபா, 2022) படத்தில் இலியே என்ற கிராமப் போலீஸ்காரர். வட மோல்தாவியாவில் ஒரு கிராமம். இலியேவுக்கு வாழ்க்கையில் வேண்டியது ஒரு பழத்தோட்டம். அதை வாங்க ஊர்த் தலைவர் உதவுவதாகச் சொல்கிறார். ஊரில் ஒரு கொலை நடக்கிறது, தலைவர் அதைக் கிளற வேண்டாம் என்கிறார், இலியேவும் சரி என்கிறார். புதிதாக வேலைக்கு வந்த இளைஞனோ கேள்வி கேட்கத் தொடங்குகிறான். இலியே கெட்டவர் இல்லை. தோட்டம் வேண்டும், அவ்வளவுதான். அவர் கடைசியில் மனம் மாறும்போதுகூட வீரமாக எதையும் செய்வதில்லை, தட்டுத்தடுமாறித்தான் செய்கிறார். சிரிப்பும் ரத்தமும் ஒன்றாக வரும். தலைவராக நடித்த வசிலே முராரு மேடை, தொலைக்காட்சி நகைச்சுவையில் நாடறிந்தவர். அந்தச் சிரித்த முகத்தை இங்கே பயன்படுத்தியிருக்கும் விதம் அபாரம்.

மிக்லொவானிடமிருந்து இலியேவுக்கு வருவதற்குள் சரியாக ஐம்பது ஆண்டுகள். ஒருவர் கையில் துப்பாக்கி, மற்றவர் கனவில் ஆப்பிள் மரங்கள். எனக்கு இலியேதான் நெருக்கம்.

---

மலைக்கோட்டை எழுதியது:

எனக்கு இன்னும் மிக்லொவான்தான். ஒருவர் தப்பு என்று தெரிந்தே சுடுகிறார், அதற்கான விலையைத் தன் உயிரால் கொடுக்கிறார். இலியே படம் முக்கால்வாசி ஊமையாக இருந்துவிட்டு முடிவில் விழித்துக்கொண்டால் நான் மன்னிக்க வேண்டுமா? செத்துப்போனவனின் மனைவி மன்னிப்பாளா? பார்த்துவிட்டு வந்து சண்டை போடுகிறேன்.

---

வாய்தா எழுதியது:

அந்தச் சண்டைக்கு நானும் வருகிறேன், மலைக்கோட்டை பக்கம். சுட்டவரையும் சும்மா இருந்தவரையும் சட்டம் ஒரே தராசில் வைப்பதில்லை என்றாலும், சும்மா இருந்தவரால் செத்தவர்கள் எண்ணிக்கை எப்போதும் அதிகம்.

---

பழையரீல் எழுதியது:

வாருங்கள். அதற்கு முன் எமானுயேல் பர்வுவின் "உலகத்தின் முடிவுக்கு மூன்று கிலோமீட்டர்" (2024) பார்த்துவிட்டு வந்தால் வாதம் இன்னும் நேராக நடக்கும். பர்வு, "அற்புதம்" படத்தில் துப்பறிவாளர் மாரியுஸாக நடித்தவர். இதில் அவர் இயக்குநர். தன்யூப் கழிமுகத்தில் ஒரு கிராமம், 17 வயதுப் பையன் ஒருவனை யாரோ கடுமையாக அடித்துப்போடுகிறார்கள். அப்பா போலீசிடம் போகிறார். யார் அடித்தது, எதற்காக என்பது சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. பையன் ஓரினச் சேர்க்கையாளன் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் பாதிரியாரும் போலீஸ்காரரும் சேர்ந்து வழக்கை இல்லாமல் ஆக்கப் பார்க்கிறார்கள். அப்பா அந்த ஊர்ப் பெரிய மனிதருக்குக் கடன்பட்டவர், அடித்தது அவருடைய பிள்ளைகள். அந்தப் போலீஸ்காரரை இலியேவோடு வைத்துப் பார்த்து உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். முடிவைச் சொல்வதாக இருந்தால் எச்சரிக்கை போட்டுவிட்டுச் சொல்லுங்கள், புதுவரவு இன்னும் "நாய்கள்" கூடப் பார்த்து முடிக்கவில்லை.